பார்ச்சினில் கிடைத்த இரண்டு துகள்கள்

அன்புள்ள சார்,

ஈரான் பற்றிய உங்கள் கட்டுரையில், அணுகுண்டு ஆராய்ச்சி நடந்ததாகச் சந்தேகப்பட்ட பார்ச்சின் ராணுவ வளாகத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 2012இல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அனுமதி கேட்டதிலிருந்து மூன்றரை வருஷம் இழுத்தடித்து, பக்கத்துக் கட்டடங்களை இடித்து, மண்ணை வாரி, தார் போட்டு மூடியபிறகு 2015இல் போய் என்ன கிடைக்கும்? அதிலும் தூசி மாதிரி எடுத்ததே ஈரான்காரர்கள்தானாம். திருடனையே கைரேகை எடுக்கச் சொன்ன கதையாக இல்லையா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

கழுவிவிட்ட இடத்தில் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு டெஹ்ரானிலேயே ஒரு பதில் உண்டு. கலாயே எலெக்ட்ரிக் என்று ஒரு கம்பெனி. கடிகாரம் செய்யும் இடம் என்று வெளியே பேச்சு, உள்ளே நடந்தது சென்ட்ரிஃபியூஜ், அதாவது யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரத்தின் சோதனை. 2003இல் சர்வதேச அணுசக்தி முகமையை முதலில் அங்கே மாதிரி எடுக்க விடவில்லை. ஆகஸ்டில் விட்டபோது கட்டடத்தின் உட்புறமே மாறியிருந்தது. அப்படியும் செறிவூட்டிய யுரேனியத் துகள்கள் சிக்கின.

மாதிரி எடுப்பது பார்க்கச் சாதாரணமான வேலை. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பருத்தித் துணி. கையுறையோடு அதை எடுத்துச் சுவர் மூலை, காற்றுக் குழாய் என்று தூசி தங்கும் இடமாகப் பார்த்துத் தேய்த்து, மடித்து, பைக்குள் பையாகப் போட்டு மூடுவார்கள். வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டோர்ஃபில் உள்ள ஆய்வகத்துக்கு அது போகும். அங்கிருந்து பல நாட்டு ஆய்வகங்களுக்கு வெறும் எண்ணோடு அனுப்புவார்கள். எந்த ஊர்த் தூசி என்று பரிசோதிப்பவருக்கே தெரியாது. வாசலை எத்தனை தடவை கழுவினாலும் சிமெண்ட் வெடிப்பில் கோலமாவு நிற்குமே, அதுமாதிரிதான். மைக்ரான் அளவுத் துகள் ஒன்று போதும், யுரேனியம் 235க்கும் 238க்கும் உள்ள விகிதத்தைச் சொல்லிவிடும். செறிவூட்டியதா இல்லையா என்பது அந்த விகிதத்தில் தெரிந்துவிடும்.

துகள் சில சமயம் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சாட்சி சொல்லும். கலாயேயில் சிக்கியது, வெளியிலிருந்து வாங்கிய பழைய சென்ட்ரிஃபியூஜ் பாகங்களில் ஒட்டிவந்த யுரேனியம் என்றது ஈரான். அந்தப் பாகங்களின் மூலம் பாகிஸ்தான். 2005இல் அந்த நாடு முகமைக்குக் கொடுத்த பாகங்களைச் சோதித்ததில் பெரும்பாலும் அது சரிதான் என்று தெரிந்தது.

சரி, பார்ச்சினுக்கு வருவோம். அங்கே சந்தேகம் செறிவூட்டல் பற்றியதே அல்ல. 2000இல் ஒரு பெரிய எஃகுக் கலத்தை நிறுவி, அதற்குள் வெடிமருந்துச் சோதனை நடத்தத் திட்டமிட்டார்கள் என்பது முகமையின் 2011 அறிக்கை. அணுகுண்டின் மையத்தை நாலாபக்கமும் ஒரே கணத்தில் அமுக்குவதற்கான பயிற்சி அது. யுரேனியத்துக்குப் பதில் டங்ஸ்டன் வைத்தும் செய்யலாம். அப்படிச் செய்திருந்தால் துணியில் யுரேனியம் ஒட்டாது. முகமையின் அதிகாரமோ அணுப்பொருளைச் சுற்றியே எழுதப்பட்டது. ஆயுத ஆராய்ச்சியைப் பிடிப்பது இதனால்தான் இத்தனை கஷ்டம். தார் போட்டதைவிட எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது இதுதான்.

மாதிரி எடுத்த விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. தேய்த்தவர்கள் ஈரான்காரர்கள், முகமை கேமரா வைத்துப் பார்த்தது. நடைமுறை பிசகவில்லை என்றது முகமை. இருக்கலாம். ஆனால் எந்த இடுக்கில் தேய்ப்பது என்பது அனுபவப்பட்ட கண் அங்கேயே நின்று முடிவு செய்யவேண்டியது. அதை விட்டுக்கொடுத்தது தப்பு என்றே நினைக்கிறேன்.

2015 செப்டம்பர் 20 அன்று முகமையின் அப்போதைய தலைவர் யுகியா அமானோ உள்ளே போனபோது கட்டடம் காலி. மாதிரிகளில் மனிதக் கை பட்டுப் பக்குவப்படுத்திய இயற்கை யுரேனியத் துகள்கள் இரண்டே இரண்டு. அதை வைத்து முடிவுக்கு வரமுடியாது என்று டிசம்பர் அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த அறிக்கையிலேயே இன்னொன்றும் இருக்கிறது. அது ரசாயனம் வைக்கும் கட்டடம் என்ற ஈரானின் விளக்கத்தோடு மாதிரியும் ஒத்துவரவில்லை, செயற்கைக்கோள் படங்களும் ஒத்துவரவில்லை. அங்கே நடந்த மாற்றங்கள் ஆய்வையே கடுமையாகப் பாதித்தன என்றும் எழுதினார்கள். செய்தித்தாள்களில் 'இரண்டு துகள்' மட்டும்தான் நின்றது.

டிசம்பர் 15 அன்று முகமையின் ஆளுநர் குழு அந்த ஃபைலை மூடியது. அதே வருஷம் ஈரானோடு செய்த அணு ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் அவசரம் எல்லோருக்கும் இருந்தது. அப்புறம் 2019 பிப்ரவரியில், அணுப்பொருள் வைத்திருந்ததாகச் சந்தேகப்பட்ட, டெஹ்ரானை ஒட்டிய துர்க்குசாபாத் கிடங்கில் மாதிரி எடுத்தார்கள். அதற்குள் அங்கிருந்த கண்டெய்னர்கள் போய்விட்டிருந்தன. துணியில் யுரேனியம் இருந்தது.