மந்திரம் செய்தவர்களும் வாங்கியவர்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டு வரிசையின் (மாரோவிண்ட், ஒப்ளிவியன், ஸ்கைரிம் எல்லாம் இதில் வந்தவைதான்) மந்திரத்தைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்கைரிமை முடித்துவிட்டு மாரோவிண்டைத் தொடங்கியிருக்கிறேன். தீ மந்திரத்தைப் பத்துத் தடவை போட்டால் ஏழு தடவை புஸ்ஸென்று அணைந்துவிடுகிறது. மேஜிக்கா, அதாவது மந்திர சக்தி, மட்டும் குறைகிறது. என் கணினியில் ஏதும் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. 2002-இல் வந்த மாரோவிண்டில் மந்திரம் பலிக்காமலும் போகலாம், பலிக்காவிட்டாலும் மேஜிக்கா போனது போனதுதான். மந்திரப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அதன் செலவு. இரண்டாவது அது பலிக்கும் வாய்ப்பு. அந்த மந்திரம் சேர்ந்த பிரிவில் (அழிவு, மாயை போன்றவை) உங்கள் திறமை, மன உறுதி, கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வாய்ப்பு. பலரும் கவனிக்காத இன்னொன்று களைப்பு. உடல் தெம்பைக் காட்டும் பச்சைப் பட்டை காலியாக இருந்தால் தெரிந்த மந்திரம்கூடக் கைகொடுக்காது.

நானும் என் முதல் மந்திரவாதியோடு எல்லா இடத்துக்கும் ஓடியே போனேன். குகை வாசலில் மூச்சிரைக்க நின்று மந்திரம் போட்டு, அது பலிக்காமல் செத்துப்போவேன். சண்டைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, பச்சைப் பட்டை நிரம்பிய பிறகு உள்ளே போக வேண்டும் என்று புரிய இரண்டு வாரம் ஆனது. நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

அப்புறம், மேஜிக்கா தானாக ஊறும் என்று காத்திருக்காதீர்கள். தூங்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து குடிக்க வேண்டும். 2006-இல் வந்த ஒப்ளிவியனில் அது தானாக ஊறத் தொடங்கியது. மந்திரம் தவறுவதும் நின்றது. அதற்குப் பதிலாக, திறமை 25, 50, 75, 100 என்று ஏறினால்தான் அடுத்த படி மந்திரங்களைப் போட முடியும் என்று வைத்தார்கள். விளையாட அது சுகம்தான். ஆனால் குகைக்குள் போகும்போது 'இன்னும் நாலு மந்திரம்தான் மிச்சம்' என்று எண்ணிக்கொண்டே நடக்கும் அந்தப் பயம் போய்விட்டது. எனக்கு அந்தப் பயம் பிடித்திருந்தது.

கேள்வி: பழைய விளையாட்டுகளில் மந்திரத்தை நாமே தயாரிக்கலாம் என்கிறார்கள். கடையில் விற்பதையே வாங்கினால் போதாதா?

போதாது. இதைப் பற்றி எவ்வளவு நேரம் கேட்டாலும் பேசுவேன்.

1994-இல் வந்த அரீனா தொடங்கி டாகர்ஃபால், மாரோவிண்ட், ஒப்ளிவியன் வரை இந்த வசதி இருந்தது. மாரோவிண்டில் மந்திரம் செய்து தருபவரிடம் போய்ப் பணம் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த மந்திரங்களில் உள்ள விளைவுகளை எடுத்து, எவ்வளவு வலு, எத்தனை விநாடி, உங்கள் மேலா, தொட்டா, தூரத்திலா என்று நீங்களே முடிவு செய்யலாம். பல விளைவுகளை ஒன்றாகக் கோக்கலாம். கடைசியாகப் பெயரும் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கால்டெரா ஊருக்குத் தென்மேற்கே வழியில் பெமெனி என்ற வியாபாரி நிற்பாள். ந்னார் மோக் என்ற ஊர் வரை துணைக்குப் போனால் ஒரு ஜோடி காலணி தருவாள். போட்டால் வேகம் 200 கூடும். ஆனால் கண் முழுக்க இருண்டுவிடும், திரையில் ஒன்றுமே தெரியாது. நான் எரிச்சலோடு அதை விற்கப் போனபோது, கூட விளையாடிய நண்பன் தடுத்து, "அந்தக் குருடும் மந்திரம்தானே, தடுக்க முடியாதா?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் திறந்துகொண்டது. காலணி போடும் நொடியில்தான் விளையாட்டு குருட்டுத்தன்மையைக் கணக்கிடுகிறது. அதனால் மந்திர எதிர்ப்பு 100 சதவீதம், ஒரே ஒரு விநாடி, என் மேல் என்று ஒரு மந்திரம் செய்தேன். ஒரு விநாடிதான் என்பதால் செலவு குறைவு. அதைப் போட்டவுடன் பொருள் மூட்டையைத் திறந்தால் நேரம் நின்றுவிடும். நிதானமாகக் காலணியை மாட்டலாம். அப்புறம் கழற்றும் வரை கண் தெளிவாகத் தெரியும், கால் பறக்கும். ஒரு விநாடி வசிய மந்திரத்தைப் போட்டு வியாபாரியிடம் பேச்சுக் கொடுத்தால், பேசும்போதும் நேரம் நிற்பதால், பேச்சு முடியும் வரை விலை இறங்கியே நிற்கும் என்பதையும் இதே வழியில் கண்டுபிடித்தோம்.

இப்படி ஒரு விநாடி எதிர்ப்பு மந்திரத்தை நாமே செய்தால்தான் உண்டு. விளையாட்டின் விதிகளைப் படித்து, அவற்றை வைத்து நாமே ஒன்றைச் செய்யும்போதுதான் நான் மந்திரவாதியாக உணர்ந்தேன். ஸ்கைரிமில் இந்த வசதியை எடுத்தது எனக்கு இன்றும் வருத்தம்.

கேள்வி: பறக்கும் மந்திரம் ஏன் காணாமல் போனது?

கதைக்குள் சொல்லும் காரணம், மூன்றாம் யுகம் 421-இல் அதற்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள் என்பது. உண்மைக் காரணம் மதில்தான். ஒப்ளிவியனில் மதில் சூழ்ந்த நகரங்களை வெளியுலகோடு சேர்க்காமல், வாசலில் நுழையும்போதுதான் விளையாட்டு தனியாக ஏற்றும். மேலே பறந்து மதிலைத் தாண்டினால் உள்ளே உண்மையான ஊர் இருக்காது. மாரோவிண்டிலோ டெல்வானி மந்திரவாதிகளின் கோபுரங்களில் மாடிப்படியே இல்லை. பறக்கத் தெரியாதவனுக்கு அங்கே மேலே வேலை இல்லை. ஒரு குலத்தின் குணத்தையே ஒரு மந்திரத்தால் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: ஸ்கைரிமில் மந்திரவாதி வலுவில்லாதவன் என்பது உண்மையா?

அழிவு மந்திரத்தை மட்டும் நம்பினால், பிற்பகுதியில் உண்மை. திறமை கூடக் கூட மந்திரத்தின் செலவுதான் குறையும், அடி கூடாது. தீ, பனி, மின்னல் ஒவ்வொன்றுக்கும் உள்ள பெர்க்குகளை (நிலை ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்களை) எடுத்தால் 50 சதவீதம் கூடும், அவ்வளவுதான். எதிரிகளோ வளர்ந்துகொண்டே போவார்கள். நன்றாக மந்திரமேற்றிய நான்கு பொருள்களை அணிந்து செலவைப் பூஜ்யமாக்கலாம். நான் செய்து பார்த்தேன், அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது.

ஆனால் கை விஷயத்தில் ஸ்கைரிமை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு கையிலும் தனித்தனி மந்திரம், இரண்டிலும் ஒரே மந்திரத்தை வைத்துச் சேர்த்தால் ஒரே பெரிய அடி. இம்பாக்ட் என்ற பெர்க்கை எடுத்தால் அந்த இரட்டை அடியில் டிராகன்கூடத் தடுமாறும். எதிரியின் மனதைக் குழப்பும் மாயைப் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். சத்தமில்லாமல் மந்திரம் போடும் பெர்க்கோடு இருட்டில் ஒளிந்து, கொள்ளையர்களை ஒருவரோடொருவர் மோதவிடும் சந்தோஷம் மாரோவிண்டில் கிடைக்காது.

கேள்வி: மந்திரவாதியாக விளையாட எதில் தொடங்கலாம்?

ஒப்ளிவியன். 2025-இல் புதுப்பித்து வந்திருப்பதால் கண்ணுக்கும் இதமாக இருக்கும். ஏழு ஊர்களின் மந்திரவாதி சங்கங்களில் பரிந்துரை வாங்கினால் பல்கலைக்கழகத்தில் மந்திரம் செய்ய விடுவார்கள். அது பிடித்துப்போனால் மாரோவிண்டுக்கு வாருங்கள். அங்கே பிரெட்டன் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறவியிலேயே பாதி மந்திர எதிர்ப்பு உள்ளவர்கள் அவர்கள். அந்தக் காலணி மந்திரத்தை 50 சதவீதத்துக்குச் செய்தாலே போதும்.