நாய்க்குச் சாம்பார் சாதம் போடலாமா?

காய்தானே, சாம்பார் சாதம் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்தாலும் அதன் சாறு குழம்பில் இறங்கியிருக்கும். தின்ற அன்று நாய் நன்றாகவே வாலாட்டும். சோர்வு, வெளிறிய ஈறு, காப்பி நிறச் சிறுநீர் எல்லாம் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் தெரியும். நிறையத் தின்றுவிட்டால் அதுவரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேரட், பீன்ஸ், பரங்கிக்காய் தரலாம். உப்பு, காரம் சேர்க்குமுன் ஒரு பிடி எடுத்து, தனியாக வேகவைத்து, மசித்துச் சோற்றோடு பிசைந்து வையுங்கள். மொத்தச் சாப்பாட்டில் 10 சதவீதம் காய் போதும். அப்புறம், மக்காச்சோளக் கட்டையைக் கடிக்கப் போடாதீர்கள், குடலில் அடைத்துக்கொள்ளும்.