முதல் ஈற்றுப் பசு உதைத்தால் என்ன செய்வது?

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "பத்து நாட்களுக்கு முன் தலைக்கன்று ஈன்ற எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு, மடியில் கை வைத்தாலே உதைக்கிறது. நேற்று என் முழங்காலில் அடிபட்டுவிட்டது. பின்னங்கால்களை இறுகக் கட்டிக் கறக்கலாமா?"

கயிற்றை எடுப்பதற்கு முன் மடியைப் பாருங்கள், அம்மா. முதல் ஈற்றில் மடி வீங்கித் தொட்டாலே வலிப்பது உண்டு. ஆனால், காம்பில் வெடிப்பு இருந்தாலோ, மடியின் ஒரு பகுதி மட்டும் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தாலோ, பால் திரிந்து வந்தாலோ மடிநோயாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். வலியால் உதைக்கும் மாட்டைக் கட்டிக் கறப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மடியில் குறையில்லை என்றால், அது பயத்தால் உதைக்கிறது. மாட்டின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிலும் பார்க்கும். நேர் பின்புறம் மட்டும் அதற்குத் தெரியாது. எனவே குரல் கொடுத்தபடி முன்பக்கவாட்டில் வந்து, முதலில் தோளில் கை வைத்து, அந்தக் கையை எடுக்காமலே முதுகு, விலா வழியாக மடிக்குக் கொண்டு செல்லுங்கள். மாட்டின் பின்னங்கால் முன்னோக்கி வந்து, பக்கவாட்டில் வீசிய பிறகே பின்னால் போகும் என்பதால், ஒரு கை தூரம் தள்ளி உட்காருபவருக்குத்தான் உதையின் முழு வேகமும் விழுகிறது. உடலோடு ஒட்டி, தொடைக்கு முன்னால், சட்டென்று எழ வசதியாகக் குத்துக்காலிட்டு அமருங்கள், சம்மணமிட வேண்டாம்.

கன்றை அதன் கண்ணெதிரே கட்டி, நக்க விட்டுக் கறந்தால் பால் எளிதில் இறங்கும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் நிற்காதீர்கள். சாதுவான பசுவும் அப்போது முட்டும். அப்படியும் உதைத்தால், இன்னொருவர் வாலை அடிப்பகுதியில் பிடித்து, முறுக்காமல் நேர் மேலே தூக்கி நிறுத்தலாம். அந்த நேரத்தில் பெரும்பாலான மாடுகள் காலைத் தூக்குவதில்லை. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டு மாட்டைப் பிடிக்கக் கூடாது. மாடு மிரண்டு இழுத்தால் விரலே போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதுவான மாடு திடீரென மூர்க்கமாகி, குரல் கம்மிக் கத்தி, வாயில் எச்சில் ஒழுக நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாயில் கையை விடாதீர்கள். அது வெறிநாய்க்கடி நோயாக இருக்கலாம். எச்சில் பட்டிருந்தால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மாட்டைப் பார்க்க 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.