ராத்திரிக்கு என்ன செய்வது? சில கேள்விகள், சில பதில்கள்

லீவு விட்டதிலிருந்து எல்லோரும் வீட்டில்தான். ராத்திரி இட்லி, தோசை என்றாலே முகம் சுளிக்கிறார்கள். தினம் புதுசாக எதைச் செய்வது?

இட்லி தோசையை விடவே வேண்டாம், தொட்டுக்கொள்வதை மாற்றுங்கள். தினமும் அதே தேங்காய்ச் சட்னி, மிஞ்சின சாம்பார் என்றால் யாருக்குத்தான் அலுக்காது? கும்பகோணம் கடப்பா செய்து பாருங்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, வெந்த உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், சோம்பு நாலையும் அரைத்துவிட்டு, பட்டை கிராம்பு தாளித்துக் கொதிக்கவைத்து இறக்கி எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது, பெரிய வேலையே இல்லை. இன்னொரு நாள் சிதம்பரம் கொத்சு. அதற்குக் கத்தரிக்காயை எண்ணெய் தடவி அடுப்பில் சுட்டு, தோலுரித்து மசித்து, தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வறுத்து அரைத்த பொடியோடு புளித்தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். (நடராஜர் கோயிலில் சம்பா சாதத்துக்குத் துணையாக வருவதும் கொத்சுதான்.) வாரத்தில் ஒரு நாள் வெறும் பொடியும் நல்லெண்ணெயும் போதும், அதில் குற்றவுணர்ச்சி எதற்கு?

மொத்தமாக அரைத்த மாவு நாலாம் நாளே புளித்துவிடுகிறது.

பொங்கியதும் இரண்டு மூன்று டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், அன்றன்றைக்கு ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். ஒரே பாத்திரத்தைத் தினம் வெளியே வைத்துக் கலக்கிவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பதில்தான் சீக்கிரம் புளிக்கிறது. முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறினால் வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் அல்லது ஊத்தப்பம். நடுவில் ஒரு நாள் அடை வைத்துக்கொண்டால் மாவுக்கும் ஓய்வு: இட்லி அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை டம்ளர், உளுந்து ஒரு கைப்பிடி, மிளகாயோடு மூன்று மணி நேரம் ஊறினால் போதும். கரகரப்பாக அரைத்து உடனே வார்க்கலாம், புளிக்கவைக்க வேண்டாம்.

மாமியாருக்குச் சர்க்கரை, வீட்டுக்காரருக்குச் சப்பாத்தி, பிள்ளைக்குத் தோசை. ராத்திரி மூன்று சமையலா?

ஒரே சமையல்தான், ஆனால் கெட்டியான ஒரு கூட்டு நடுவில் இருக்கட்டும். சுரைக்காய், பாசிப்பருப்பு போட்ட கூட்டு சப்பாத்திக்கும் தோசைக்கும் ஒத்துப்போகும். அப்புறம், சப்பாத்தி என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்று ஐந்தாறு சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கோதுமையும் மாவுச்சத்துதான் என்று அவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை. மாமியாருக்குச் சப்பாத்தியோ தோசையோ இரண்டு போதும், கூட்டையும் காயையும் தாராளமாகப் போடுங்கள். மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்கிறவர் என்றால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குறையுங்கள்.

வீட்டிலிருந்தே வேலை. எட்டு மணி வரை மீட்டிங். அரை மணியில் ஆகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம். அரிசி 1 டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர், தண்ணீர் மூன்று. குக்கரிலேயே கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறைய வதக்கி, தக்காளி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து மூன்று விசில். மேலே நெய், பக்கத்தில் அப்பளமும் தயிரும். வெங்காயத்தை மத்தியானமே யாராவது உரித்து வைக்கட்டும், எல்லோரும் வீட்டில்தானே இருக்கிறார்கள்!

மத்தியானம் வடித்த சாதத்தை ராத்திரி சூடாக்கிச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் ராத்திரி வரை மேடையிலேயே கிடந்த சாதம் வேண்டாம், அதில் உண்டாகிற சில கிருமிகளின் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பாடு முடிந்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ராத்திரி எடுத்து எலுமிச்சை சாதமாகக் கிளறினால் உதிரி உதிரியாக வரும். கிளறும்போது நன்றாக ஆவி பறக்கட்டும்.