தினமும் டிஜிட்டலில் வரைய ஆசை. ஆனால் நாலாம் நாளே ‘நமக்கு இது வராது’ என்று விட்டுவிடுகிறேன். எப்படித் தொடர்வது?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. நீங்கள் அநேகமாகப் புது டேப்லெட் வாங்கியிருப்பீர்கள், நூறு பிரஷ் இறக்கி வைத்திருப்பீர்கள், ராத்திரி மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்துவிட்டு நொந்துபோய்த் தூங்குவீர்கள். தப்பாகச் சொன்னால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியன் இல்லை. கணக்கு எழுதும் வேலை. ‘உடற்கூறு தெரியாதவன் ஓவியத்துக்கு யோசனை சொல்ல வந்துவிட்டான்’ என்று யாராவது நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் கேள்வி நன்றாக வரைவது எப்படி என்பதல்லவே, விடாமல் வரைவது எப்படி என்பதுதானே. அதில் நான் பட்டிருக்கிறேன்.

என்னுடையது கம்ப்யூட்டரோடு இணைத்து வரையும், திரை இல்லாத டேப்லெட். கை மேஜையில், கண் கம்ப்யூட்டர் திரையில். காகிதத்தில் சுமாராக வரைகிறவனை இது மாதிரி அவமானப்படுத்த வேறு எதனாலும் முடியாது. முதல் இரண்டு வாரம் வட்டம் போட்டால் வாய் மூடவே மூடாது. அது கையும் கண்ணும் பழகாத கோளாறு. எனக்கோ திறமை இல்லாத கோளாறாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு, போட்ட கோட்டை ஒரே தட்டில் இல்லாமல் செய்யும் அன்டூ (கண்ட்ரோல் இசட்) வேறு. ஒரு நாள் ஒரு முகத்தின் தாடைக் கோட்டுக்கு மட்டும் எத்தனை தடவை கண்ட்ரோல் இசட் அடிக்கிறேன் என்று எண்ணினேன். 37. காகிதமாக இருந்திருந்தால் மூன்றாவது தடவையே போதும் என்று அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

அதே முகத்துக்கு, 400 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வலது கண்ணின் இமை மயிரை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்றரை மணி நேரம். நான் வரைவது கிரிட்டா என்ற சாஃப்ட்வேரில், இலவசம்தான். அதில் எம் விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறும். நம் கண்ணுக்குப் பழகிப்போன தப்பெல்லாம் அப்போதுதான் பல்லை இளிக்கும். தட்டினேன். அவ்வளவு அழகாக இமை போட்ட கண், காதுப் பக்கம் சரிந்து கிடந்தது.

அந்தப் படத்தைத்தான், சரி போகட்டும் என்று நண்பர்கள் குழுவில் போட்டேன். ஒருவர் கேட்டார்: “இதெல்லாம் சாஃப்ட்வேரே போட்டுக் கொடுத்துடும்ல?” அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது. சாஃப்ட்வேரே போட்டிருந்தால் கண் ஏன் அங்கே போகிறது! அன்று ராத்திரி மொத்த ஃபோல்டரையும் அழித்தேன். 41 படங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

சில மாதம் கழித்து அக்காவோடு பேசிய பழைய சாட்டில் ஏதோ ரசீது தேடினேன். அவளுக்கு அவ்வப்போது அனுப்பிய ஒன்பது படங்கள் அதில் இருந்தன. மூன்றாம் நாள் வரைந்த இடது கை, காற்றடைத்த கையுறை மாதிரி. முப்பத்தெட்டாம் நாள் அதே கை. கட்டைவிரல் எங்கே மடங்க வேண்டுமோ அங்கே மடங்கியிருந்தது. இரண்டையும் ஒரே குப்பை என்று அழித்தவன் நான். வரைந்த சூட்டில் நான் கொடுக்கும் தீர்ப்பை அதற்கப்புறம் கேட்பதில்லை.

இரண்டாம் தடவை தொடங்கியபோது எல்லாவற்றையும் சின்னதாக்கினேன். அலாரம் வைத்து 20 நிமிடம். ஆயிரத்துக்கு ஆயிரம் பிக்ஸல் சதுரம், அதற்குமேல் பெரிதாக்கி இமை மயிர் எண்ண அதில் இடமே இருக்காது. ஒரே பிரஷ், ஒரே லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி). அலாரம் அடித்தால் எந்த நிலையில் இருந்தாலும் எண் போட்டுச் சேமிப்பு, அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குப் பழைய கோப்பைத் திறப்பதில்லை, அழிப்பதும் இல்லை. அன்டூவை அடியோடு விடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வைராக்கியம் இல்லை, கோட்டுக்கு மூன்று. கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை ஏமாற்று வேலை என்று வெகுநாள் தொடாமல் இருந்தேன். வெறும் வீம்பு. போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் தவறினால்? தவறும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை, நடுத்தரமாக 66. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் உண்டாக்கவில்லை. அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி மாதிரி விஷயங்கள். படம் வரைவது அதைவிடக் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாலாம் நாள் கைவிடுகிறவருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் ஆறுதல் தரும்.

பீப்பிள் என்ற அமெரிக்கக் கலைஞர் 2007 மே 1 முதல் தினம் ஒரு படம் செய்கிறார். அதில் 5000 நாள் படங்களைச் சேர்த்த தொகுப்பு 2021-ல் 6.9 கோடி டாலருக்கு ஏலம் போனதை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஆரம்பப் படங்களைத் தேடிப் பாருங்கள். எனக்குத் தெம்பு கொடுத்தது அவைதான், ஏலத் தொகை இல்லை.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன், மனசு ஆறவில்லை. நீங்கள் வரைவது தெரிந்தால் ஓசியில் கேட்க ஆள் வரும். “கம்ப்யூட்டர்லதானே, அஞ்சு நிமிஷம்” என்பார்கள். உறவுக்கார அண்ணன் ஒருவருக்கு நாலு நாள் உட்கார்ந்து அவர் முகத்தை வரைந்து கொடுத்தேன். மூலையில் இருந்த என் கையெழுத்தை மட்டும் கத்தரித்துவிட்டு முகப்புப் படமாக வைத்தார். கேட்டால், “சதுரத்துக்குள்ள அடங்கலடா.” பெயரை மூலையில் போடாதீர்கள், காலரில் போடுங்கள்.

இன்றைக்கு என்ன வரைவது என்று தோன்றவில்லையா? மேஜையில் கிடக்கும் சார்ஜர் வயரை வரையுங்கள். நான் பதினோரு தடவை வரைந்திருக்கிறேன். அது சுருண்டு கிடக்கிற லட்சணத்துக்கு, தப்பாக வந்தாலும் யாருக்கும் தெரியாது.