பர்கூர் பெரியம்மா

அன்புள்ள ஐயா,

எங்கள் பாலக்கோடு தொகுதியில் 2001 முதல் 2021 வரை ஐந்து தேர்தல்களிலும் அ.தி.மு.க.வின் கே.பி. அன்பழகனே வென்றார். 2006-லும் 2021-லும் ஆட்சி எதிர்த்தரப்புக்குப் போனது. 2021-இல் தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்கே. எதிர்க்கட்சிக்காரருக்குப் போட்டால் காரியம் எப்படி ஆகும்? வாக்கு வீண்தானே?

ச., காரிமங்கலம்

அன்புள்ள ச.,

காரியம் என்கிறீர்கள். நான் போன மாதம்தான் பர்கூரில் பெரியம்மாவின் காரியத்துக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து இதுதான் மனதில் ஓடுகிறது.

ஐந்து முறை எப்படி வென்றார் என்பதை அவர் கட்சிக்காரர்கள் சொல்வார்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. 2016 முதல் 2021 வரை அவர் உயர்கல்வி அமைச்சராக இருந்தபோது இந்த 'வீண்' உங்கள் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

எதிர்க்கட்சி உறுப்பினருக்கு மதிப்பில்லை என்பது ஓரளவு உண்மை. அப்படி ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு நானே ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். எழுத்தர் அதைப் படித்தார், நான்காக மடித்தார், அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்தார். எனக்குக் கோபம் அந்த எழுத்தர்மேல்தான் வந்தது. உங்களுக்கோ வாக்குப் போட்ட மக்கள்மேல் வருகிறது! குடிநீரும் சாலையும் நம் வரிப்பணம் ஐயா. ஆளுங்கட்சி தன் வீட்டுக் குதிரிலிருந்து அளந்து போடுவதுபோல எத்தனை காலம் கைகட்டி நிற்பது?

முதலமைச்சரே உங்கள் தொகுதிக்காரர் என்றால் காரியம் ஆகும் அல்லவா? பர்கூருக்கு அது வாய்த்தது. 1991-இல் அங்கே வென்றுதான் ஜெயலலிதா முதல்வரானார். 1994-இல் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. பெரியம்மாவின் மகன், என் அண்ணன், அதில்தான் சேர்ந்தார். ஓட்டு வீட்டுப் பையன் பொறியாளன் ஆகிறான், இதைவிடப் பெரிய காரியம் எது? 1996-இல் அதே முதல்வர் அதே ஊரில் மறுபடி நின்றார். தி.மு.க.வின் சுகவனத்திடம் 8,366 வாக்கில் தோற்றார்.

வாக்களித்துவிட்டு வந்த பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து விரல் மையைச் சேலைத் தலைப்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். முந்தைய ஆண்டு நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார். “அத்தனை நகையா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணனிடம் சொல்லிவிடாதே. கல்லூரி கொடுத்தவருக்குத் துரோகம் செய்துவிட்டாய் என்பான்.”

உங்கள் கேள்வியை மறக்கவில்லை. வாக்குக் கேட்டு வந்தால், சட்டமன்றத்தில் எங்கள் ஊரைப்பற்றி என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். எதிர்வரிசையில் உட்கார்ந்தவருக்கும் வாய் உண்டு.

காரியத்தன்று படையல் முடிந்து இலை எடுக்கும்போது, இத்தனை ஆண்டு காத்த ரகசியத்தை அண்ணனிடம் சொன்னேன். அவர் இலையை மடித்துக்கொண்டே, “அம்மா என்னிடமும் கேட்டாள். நானும் மழுப்பிவிட்டேன். முதல் வாக்கு, நானும் அப்படித்தான் போட்டேன்” என்றார்.