சீட்டை ஆட்டிப் பார்த்தீர்களா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோடை விடுமுறை வந்தாலே வேன் பயணம் பற்றிக் கடிதங்கள் வரும். இந்த முறை பாதிக்கு மேல் சீட்டைப் பற்றியே வந்திருப்பதால் பதிலையும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கரூரில் பஸ் பாடி கட்டும் ஷெட்களில் 19 வருடம் சீட் பொருத்தும் வேலை பார்த்தவன். அப்புறம் 14 வருடம் சொந்தமாகச் சுற்றுலா வேன் ஓட்டினேன்.

பழைய 12 சீட் வேன் ஒன்று வாங்கியிருக்கிறேன். நடு வரிசையில் ஓர் இரட்டை சீட், வேகத்தடை ஏறும்போதெல்லாம் கடகடவென்று ஆடுகிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் தரையோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார். வைக்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

வைக்க வேண்டாம் தம்பி. ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெல்டிங் வைத்தால் சத்தம் நிற்கும், கோளாறு உள்ளேயே இருக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். சீட்டுக்குப் பின்னால் நின்று, சாய்மானத்தின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் நன்றாக ஆட்டுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் டார்ச் அடித்து சீட்டின் கால்களைப் பார்க்க வேண்டும். கால் அசையாமல் சாய்மானம் மட்டும் ஆடினால், சாய்க்கிற லிவரின் பல் தேய்ந்திருக்கிறது. பாதம் அசையாமல் சட்டம் மட்டும் ஆடினால், சீட் முன்னும் பின்னும் நகர்கிற ரெயில் தளர்ந்திருக்கும் அல்லது சட்டத்தில் எங்காவது விரிசல் விட்டிருக்கும். பாதமே தரையை விட்டு எழும்பி எழும்பி இறங்கினால், அன்றைக்கே அந்த சீட்டில் ஆள் ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

பாதம் எழும்புகிறது என்றால் வண்டிக்கு அடியில் பார்த்தே ஆக வேண்டும். பிட் அல்லது ராம்ப் உள்ள இடத்தில் பாருங்கள்; ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. மேலே இருந்து பார்த்தால் போல்ட் தலை பளபளவென்று இருக்கும், நட்டு இருக்கிற அடிப்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். பழைய வண்டிகள் பலவற்றில் தரை என்பது மெல்லிய தகடும் அதன் மேல் ஒட்டுப்பலகையும்தான். வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கழுவி பலகை உளுத்துப் போயிருக்கும். காலணா அளவு வாஷரைப் போட்டு நட்டை முடுக்கியிருந்தால், பலகையில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். ஒருநாள் வாஷரோடு போல்ட் மேலே வந்துவிடும்.

அது எவ்வளவு பலம் தாங்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி ஒரு மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தன் எடையைப் போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 65 கிலோ ஆள் இரண்டு பேர், சீட் ஒரு 30 கிலோ. மொத்தம் 160 கிலோ. பெல்ட் சீட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தால் அந்த 1,600 கிலோ சுமையும் நாலு போல்ட் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். உளுத்த பலகை அதைத் தாங்குமா?

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1996-இல் ஒரு சுற்றுலா வேன், கூடுதலாக ஒரு வரிசை சீட் கேட்டு நான் வேலை பார்த்த ஷெட்டுக்கு வந்தது. அடியில் குறுக்குச் சட்டம் இல்லாத இடம். தரைக்கு அடியில் போல்ட்டுக்குத் தாங்கலாக வைக்கும் இரும்பு அடித்தகடு வைக்காமல் வாஷர் மட்டும் போட்டு முடுக்கச் சொன்னார்கள். முடுக்கியது நான். மறு மாதம் அரவக்குறிச்சி தாண்டி மாடு குறுக்கே வந்ததற்கு டிரைவர் பிரேக் அடித்திருக்கிறார். மோதல்கூட இல்லை, வெறும் பிரேக்தான். கடைசி வரிசை தரையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. ஒரு பாட்டிக்குக் காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். "சீட்டைக் கெட்டியா புடிச்சிட்டுத்தான் சாமி உட்கார்ந்திருந்தேன்" என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு அடித்தகடு இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட நான் முடுக்கவில்லை.

உங்கள் வண்டிக்கு என்ன செய்யலாம்? சீட்டைக் கழற்றி, உளுத்த பலகையை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். துருப்பிடித்த தகட்டையும் மாற்றுங்கள். சீட்டின் கால் வண்டியின் குறுக்குச் சட்டத்தின் மேல் வந்தால் நல்லது. வராவிட்டால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கனமான இரும்புத் தகடு வைத்து, அதன் வழியாக போல்ட் வர வேண்டும். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அச்சடித்திருக்கும்; அதுதான் அதன் பலம். வண்டிக் கம்பெனி போட்ட அதே அளவு, அதே எண் பார்த்து வாங்குங்கள். எண்ணே இல்லாத போல்ட் கதவுக் கொண்டிக்கு ஆகும், சீட்டுக்கு ஆகாது. நாலையும் சேர்த்து மாற்றுங்கள். நட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டாக இருக்கட்டும். ஒருமுறை கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள். முடுக்கி முடித்ததும் நட்டின் மேலும் தகட்டின் மேலுமாகச் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கோடு விலகியிருந்தால் நட்டு தளர்கிறது என்று பார்த்த உடனே தெரியும்.

வெல்டிங் ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரைக்கு அடியில் வயரும் டீசல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. சூடுபட்ட இடத்தில் பெயின்ட் கருகி அங்கேதான் முதலில் துரு ஏறும். மெல்லிய தகட்டில் வைத்த வெல்டிங் இழுக்கும்போது தகட்டையே கிழித்துக்கொண்டு வரும்.

எங்கள் பகுதியில் பள்ளிக்குப் போகும் வாடகை வேனில் இரண்டு சீட்டுக்கும் நடுவே பலகை போட்டு நாலைந்து பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள். கேட்டால், "பலகையைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம், ஆடாது" என்கிறார்கள். சரியா?
– ஒரு தாய், திருப்பத்தூர்

சரியே இல்லை அம்மா. கயிறு பலகையைப் பிடிக்கும். பிள்ளையை எது பிடிக்கும்? சாய்மானம் கிடையாது, பெல்ட் கிடையாது, காலை ஊன்றக்கூட இடம் இருக்காது. பிரேக் அடித்தால் அந்தப் பிள்ளைகள்தான் முதலில் முன்னால் போவார்கள். ஆபத்தில் இறங்கும் வழியையும் அந்தப் பலகை அடைத்துவிடும்.

வண்டியின் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதோ அத்தனைதான். கூடுதல் இருக்கை போடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி தவறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படிச் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

இன்னொன்றும் பாருங்கள். வேனில் ஏறி, தரை விரிப்பைத் தூக்கி சீட்டுக்கு அடியில் தரை எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை சாலையில் விழுந்து இறந்தது. தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தது அந்த வருடம்தான். அந்தச் செய்தியைப் படித்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சீட் வேலை பார்க்கிற எவனும் தரையைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்க்கக் கூடாது. நாலு பெற்றோராகச் சேர்ந்து உரிமையாளரிடம் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தால் போதும்.

எனக்கு நாலடி பத்து அங்குல உயரம். வீட்டில் ஈகோ வண்டி வாங்கியிருக்கிறோம். நான்தான் ஓட்டுகிறேன். சீட்டை எவ்வளவு முன்னால் தள்ளலாம்? முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

முதலில் இடுப்பு சீட்டின் மடிப்பில் முட்டும்படி நன்றாகப் பின்னால் நகர்ந்து உட்காருங்கள். கிளட்சைத் தரை வரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு சீட்டை முன்னால் இழுங்கள். அடுத்து, முதுகை எடுக்காமல் கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டியரிங்கின் உச்சியில் வையுங்கள். எட்டவில்லை என்றால் சாய்மானத்தை நிமிர்த்துங்கள். குட்டையானவர்கள் பலரும் செய்கிற தவறு, சீட்டை இழுத்துக்கொண்டே போய் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டுகிற மாதிரி உட்காருவது. ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கிறது, அது வெடித்து விரிய இடம் வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

மெத்தென்ற தலையணை வேண்டாம். இடிபடும்போது அது அமுங்கும், அந்த இடைவெளியில் பெல்ட் தளர்ந்துவிடும். உயரம் போதவில்லை என்றால் நழுவாத, கெட்டியான, மெல்லிய குஷன் அடியில் போடலாம். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பாருங்கள்.

லிவரை விட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு நிறுத்தாதீர்கள். சீட்டில் இரண்டு பக்கமும் ரெயில் இருக்கிறது. ஒரு பக்கத்துப் பூட்டு மட்டும் விழுந்தாலும் அதே சத்தம்தான் வரும். காலை ஊன்றி இடுப்பால் முன்னும் பின்னும் ஒரு தள்ளு தள்ளுங்கள், அசையக் கூடாது. அசைந்தால் ரெயிலில் சில்லறைக் காசோ பிஸ்கட் தூளோ மாட்டியிருக்கும். வேக்குவம் வைத்து எடுத்துவிட்டு வெள்ளை கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள். பழைய இன்ஜின் ஆயில் ஊற்றினால் மண்ணெல்லாம் அதில் ஒட்டும். ஓடும்போது டிரைவர் சீட்டை நகர்த்தவே கூடாது. சீட் சட்டென்று பின்னால் போனால் பிரேக் எட்டாது.

ஈகோவுக்கென்று ஒரு விஷயம்: இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சர்வீஸ் செய்பவர்கள் சீட்டைத் தூக்கிவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது சீட் முழுவதும் கீழே விழுந்து பூட்டியிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இரவில் வேளாங்கண்ணிக்கு இன்னோவாவில் போகிறோம். அம்மாவுக்கு நடு சீட்டை முழுவதும் சாய்த்துப் படுக்க வைத்து பெல்ட் போட்டுவிட்டால் போதுமா?
– வாசகர், மதுரை

போதாது. முழுவதும் சாய்ந்தவருக்கு பெல்ட் உடம்பை விட்டு விலகி நிற்கும். திடீர் பிரேக்கில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவி, பட்டை வயிற்றையோ கழுத்தையோ அறுக்கும். தோள் பட்டை தோளில் படிந்திருக்கிற அளவுக்கு மட்டும் சாயுங்கள். அம்மாவுக்கு முதுகு வலித்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நடக்க வையுங்கள். ஹெட்ரெஸ்ட்டின் மேல்முனை தலையின் உச்சிக்குச் சமமாக வரும்படி உயர்த்தி, பூட்டு விழுகிறதா பாருங்கள். அது தலை சாய்க்க மட்டும் வைத்ததல்ல, பின்னாலிருந்து இடிபட்டால் கழுத்தைக் காப்பதும் அதுதான்.

கடைசி வரிசையைப் பக்கவாட்டில் மடக்கிப் பெட்டிகளை அடுக்குவீர்கள் என்றால், மடக்கிய சீட்டைக் கட்டும் பட்டையை மறக்காமல் மாட்டுங்கள். பெட்டிகள் நடு சீட்டின் சாய்மானத்துக்கு மேல் எழும்பக் கூடாது. பின்னால் உட்காருபவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்திலும் பின் சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை. வண்டி பெரிய வண்டியாக இருந்தது, பெல்ட்டும் இருந்தது.

மகள் கல்யாணச் சீர் ஏற்ற வேனின் நடு சீட்டைக் கழற்றினோம். திரும்ப மாட்டும்போது ஒரு போல்ட் மட்டும் மரை ஏற மறுக்கிறது. வேறு போல்ட் போடலாமா?
– வாசகர், விருதுநகர்

அது சீட் பெல்ட்டுக்கான போல்ட்டாக இருக்கும். பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல மரை. மற்றவை மில்லிமீட்டர் மரை. இரண்டும் கலந்துவிட்டால் முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் பிடிக்கும். அங்கே பலத்தைக் காட்டினால் தரையில் உள்ள நட்டு கெட்டுப்போகும். கையால் கடைசி வரை ஏறுகிறதா பார்த்த பிறகே ஸ்பானரை எடுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் ஓட்டையில் திரும்ப இரண்டு சுற்று ஏற்றி வைத்துவிடுவது என் பழக்கம்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது. அதை நீங்கள் தொடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு இறுக்கமான கவர் போடுவதும் கூடாது. தையல் கிழிந்து பை வெளியே வர வழி வேண்டும்.

வாடகை வேனில் ஏறும்போது ஐந்து நிமிடத்தில் என்ன பார்க்கலாம்?
– வாசகி, சேலம்

ஒவ்வொரு சீட்டின் தலைப்பக்கத்தையும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுங்கள். குஷனுக்கு அடியில் செருகிக் கிடக்கும் பெல்ட் பக்கிளை வெளியே எடுத்து மாட்டி, பட்டையை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்; இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆடுகிற சீட் இருந்தால் டிரைவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நான் ஓட்டிய காலத்தில் இப்படிச் சொன்ன பயணிகளிடம் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஸ்பானர் என் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். உடனே சரிசெய்ய முடியாத சீட் என்றால் அதில் பையை வைத்துக் கட்டிவிட்டு, ஆட்களை மற்ற சீட்டுகளில் உட்கார வையுங்கள். இடம் பற்றாவிட்டால் வேறு வண்டி கேளுங்கள்.